தடிக்காத கையும் ஆறு மாத மாத்திரையும்

காசநோயே இல்லாத ஒருவரை, அந்த நோய்க்கான மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பினாங்கில் எச்ஐவியுடன் வாழும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மருத்துவ நோக்கில் இதற்கு விடை உண்டு. எனக்கும் ஓரளவு தெரியும். தெரிந்த அளவுக்கு அவரிடம் சொல்லவும் செய்தேன். சொல்லி முடித்த பிறகு அவர் முகத்தில் எந்தத் தெளிவும் இல்லை. அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. சரியான விடை ஒன்று கையில் இருந்தும் அது ஏன் கேட்டவரைப் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எச்ஐவி உள்ளவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய்வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். மருத்துவம் படித்தவன் அல்லன். காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்வது, சந்திப்பு நாளை நினைவூட்டுவது, மருந்து வாங்கும் இடத்தில் வரிசையில் நிற்பது, டாக்டர் சொன்னதை வழியில் ஒருமுறை பேசிப் பார்ப்பது என்ற அளவுதான் என் வேலை. கேள்வி கேட்டவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். இதை எழுத அவர் ஒப்புக்கொண்டார். அடையாளம் தெரியும்படியான சில விவரங்களை மாற்றிவிடச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

அண்ணன் ஐம்பதைக் கடந்தவர். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து, தோட்டம் வீடமைப்பு நிலமான பிறகு பிறைக்கு வந்து, லோரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். இளமையில் ஊசி வழியாகப் போதைப்பொருள் பழகினார். சிறைக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். மலேசியாவில் 2005-இல், போதைப்பொருளுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்தான மெதடோன் சிகிச்சையும், 2006-இல் பினாங்கு உள்ளிட்ட சில இடங்களில் பழைய ஊசிக்குப் பதில் புதிய ஊசி தரும் ஊசி மாற்றுத் திட்டமும் தொடங்கப்பட்டபோது அவருக்கு எச்ஐவி தொற்று ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பின்னாளில் மெதடோன் அவரைப் போதையிலிருந்து மீட்டது. நடுவில் ஒரு காலம் எச்ஐவி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, எடை குறைந்து, வாயில் வெள்ளை படிந்த பிறகு மீண்டும் சிகிச்சைக்கு வந்தார். அப்போது அவருடைய சிடி4 என்னும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 150-ஐக்கூட எட்டவில்லை. காசநோய்த் தடுப்பு மாத்திரை பற்றிய பேச்சு அந்தச் சமயத்தில்தான் எழுந்தது.

பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலானோரின் உடலில் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்துச் சிறு முடிச்சுகளுக்குள் அடக்கி வைத்துவிடுகின்றன. அப்படி அடங்கிய தொற்று உள்ளவர் இருமுவதில்லை, இளைப்பதில்லை, பிறருக்குப் பரப்புவதும் இல்லை. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படும். அந்த முடிச்சைக் கட்டிக் காப்பதில் சிடி4 அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எச்ஐவி தேடிப்பிடித்து அழிப்பதும் அதே அணுக்களைத்தான். அதனால் மற்றவருக்கு வாழ்நாள் முழுவதற்குமாக இருக்கும் ஆபத்து, எச்ஐவிக்குச் சிகிச்சை பெறாதவருக்கு ஓர் ஆண்டிலேயே வந்து நிற்கிறது என்று பாடநூல்கள் கணக்கிட்டு வந்திருக்கின்றன. எச்ஐவி உள்ளவர்களின் மரணத்துக்கு உலக அளவில் முதன்மைக் காரணம் இன்றும் காசநோய்தான். 2023-இல் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி இறந்தார்கள். மலேசியாவிலும் ஆண்டுக்கு 25,000-க்கும் அதிகமான புதிய காசநோயாளிகள் பதிவாகிறார்கள். தோட்டத்தோடு போன நோய் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இந்த எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை

உடலில் காசநோய்த் தொற்று உண்டா என்று பார்க்கும் தோல் பரிசோதனை எளிமையானது. முன்னங்கையின் உட்புறத்தில், தோலுக்கு அடியில் போகாமல் தோலுக்குள்ளேயே, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற புரதத்தை 0.1 மில்லி ஏற்றுவார்கள். ஏற்றியவுடன் கொசு கடித்தாற்போல் ஒரு சிறு கொப்புளம் எழும், சற்று நேரத்தில் அமுங்கிவிடும். உண்மையான விடை 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில்தான் தெரியும். உடல் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் அந்த இடம் தடித்து எழும்பும். சிவப்பைக் கணக்கில் கொள்வதில்லை. விரலால் தடவிப் பார்த்து, தடிப்பின் இரு ஓரங்களையும் பேனாவால் குறித்து, கையின் குறுக்குவாட்டில் அளவுகோலை வைத்து அளப்பார்கள். எச்ஐவி உள்ளவருக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பே போதும், தொற்று உண்டு என்று கொள்ள. நாள்கூலி வாங்கும் ஒருவருக்கு இதில் உள்ள சிரமம் ஊசி அன்று. கையைக் காட்டுவதற்காக மறுபடியும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான். மூன்றாம் நாள் வராமலே போனவர்களை நான் அறிவேன்.

அண்ணன் வந்தார். பட்டர்வொர்த்திலிருந்து பேரியில் ஏறித் தீவுக்கு வரும் வழியெல்லாம் சட்டைக்கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கையில் ஒன்றும் தெரியவில்லை. ஊசி குத்திய புள்ளிகூட மறைந்துவிட்டிருந்தது. அவர் அன்று காட்டிய நிம்மதியை, எச்ஐவி சிகிச்சையில் அவர் பெற்ற எந்த நல்ல முடிவுக்கும் காட்டி நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது பெரியப்பாவுக்கு எலும்புருக்கி, அதாவது காசநோய். லயத்து வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் அவருக்கென்று தனிப் பாய், தனித் தட்டு, தனிக் குவளை. இரவில் அவர் இருமுவது லயம் முழுவதும் கேட்குமாம். "எச்ஐவி இருக்குன்னு நான் சொன்னாத்தான் தம்பி தெரியும். இருமல் அப்படி இல்ல, நாலு வீட்டுக்கு அதுவே போய்ச் சொல்லிரும்" என்று ஒருமுறை சொன்னார். எச்ஐவியை மறைத்து வாழக் கற்றுக்கொண்டவர் அவர். காசநோயை மறைக்க முடியாது என்பதுதான் அவருடைய அச்சம்.

தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். மிஸ்ஸி கையை வாங்கித் தடவிப் பார்த்தார். அளவுகோலை எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அட்டையில் 0 என்று எழுதினார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு டாக்டரின் அறைக்குள் போனோம். டாக்டர் மலாயில் பேசினார், அண்ணனும் தடையில்லாமல் மலாய் பேசக் கூடியவர். அட்டையைப் பார்த்த டாக்டர், நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் சரியாக இருப்பதால் தடுப்பு மாத்திரையை இன்றே தொடங்கிவிடலாம் என்றார். அண்ணன் முதலில் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து மறுபடி கேட்டார். அதே பதில். ஒன்றும் இல்லை என்று எழுதிய கையோடு மாத்திரையும் எழுதுகிறீர்களே என்று கேட்டபோது அவர் குரல் உயர்ந்துவிட்டது. டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். சிடி4 குறைவாக உள்ளவர்களில் தொற்று இருந்தும் தோல் தடிக்காமல் போகலாம், அதனால் இந்த முடிவை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார். வெளியில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். அண்ணன் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிய விதத்திலேயே அதை அவர் மருந்தாக மாற்றப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவர் நேராகப் போனது மிஸ்ஸியிடம். "ஒன்னும் இல்லன்னு நீங்கதானே எழுதினீங்க மிஸ்ஸி? அப்புறம் எதுக்கு மாத்திரை?" மிஸ்ஸி கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. "அண்ணே, அந்த ஊசி கிருமிகிட்டப் போயி கேக்கறது இல்ல. உங்க உடம்புல இருக்கற காவல்காரன்கிட்டத்தான் கேக்குது, திருடன் வந்தானான்னு. காவல்காரனே தூங்கிக்கிட்டு இருந்தா என்னா சொல்லுவான்?" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "சரி, அதை விடுங்க. ஜெயில்ல எத்தனை வருஷம் இருந்தீங்க? ஒரு செல்லுல எத்தனை பேரு? யாராச்சும் இருமிக்கிட்டே கெடந்தாங்களா?" என்று அடுக்கினார்.

அண்ணன் பதில் சொல்லத் தொடங்கினார். எத்தனை பேர் ஒருக்களித்துப் படுத்தார்கள், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், இரத்தம் துப்பிய ஒருவரை எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவே இல்லை என்பதெல்லாம் வரிசையாக வந்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மிஸ்ஸி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் மருந்து வாங்கும் இடம் எது என்று என்னிடம் கேட்டார்.

கை சொன்னதும் வாழ்க்கை சொன்னதும்

டாக்டரும் மிஸ்ஸியும் சொன்னது ஒரே செய்திதான். டாக்டர் பரிசோதனையிலிருந்து தொடங்கி, அந்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்று முடித்தார். நம்ப முடியாத பரிசோதனையை எதற்காகச் செய்தீர்கள், அதற்காக என் கூலியை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்க அண்ணனுக்கு முழு உரிமை இருந்தது. மிஸ்ஸி அவருடைய வாழ்க்கையிலிருந்து தொடங்கினார். அண்ணன் எங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்பதைவிட வலுவான சான்று வேறு எதுவும் அந்த அறையில் இருக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியச் சிறை ஒன்றில் கைதிகளுக்கு இதே தோல் பரிசோதனையைச் செய்து பார்த்தபோது பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் தொற்று இருந்தது தெரிந்தது. அண்ணனுக்குத் தடிக்காத கை ஒரு பக்கம், அந்த எண் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்தால் எதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. எச்ஐவி உள்ள ஒருவருக்கு வெளிப்பட்ட காசநோய் இல்லை என்று தெரிந்தால், தொற்றுப் பரிசோதனை செய்ய வசதி இல்லாத இடத்திலும் தடுப்பு மருந்தைத் தரலாம். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷா பகுதியில் எச்ஐவி சிகிச்சை பெற்றுவந்தவர்களுக்கு ஓராண்டு ஐசோனியசிட் என்ற காசநோய்த் தடுப்பு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. காசநோய் 37 விழுக்காடு குறைந்தது. அந்தப் பலன் தோல் தடித்தவர்களோடு நின்றுவிடவில்லை. ஐவரி கோஸ்ட் நாட்டில் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு மாத ஐசோனியசிட் எடுத்துக்கொண்டவர்களிடையே, சுமார் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மரணமே 37 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களில் பலர் சிடி4 நன்றாக இருக்கும்போதே எச்ஐவி சிகிச்சையையும் தொடங்கியவர்கள். எச்ஐவி மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. எச்ஐவி சிகிச்சை காசநோய் ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது என்பது உண்மை. மிச்சம் இருக்கும் ஒரு பங்கும், எச்ஐவி இல்லாத ஒருவருக்கு இருக்கும் ஆபத்தைவிட அதிகம்தான்.

நம் ஊரில் இந்தப் பரிசோதனை படும் பாட்டையும் சொல்ல வேண்டும். 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய காலம் முதல் இங்கே காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள். ஆகவே கை தடித்தால், அது பிசிஜியின் வேலையாக இருக்கும் என்று சொல்லித் தட்டிக் கழிப்பதும், தடிக்காவிட்டால், ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எப்படி விழுந்தாலும் மாத்திரை இல்லை என்றால் அந்த ஊசியே எதற்கு என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. இரத்தத்தில் செய்யும் ஐக்ரா பரிசோதனையைப் பிசிஜி குழப்புவதில்லை, மூன்றாம் நாள் வரவும் தேவையில்லை. ஆனால் அதுவும் எதிர்ப்பு அணுக்களின் பதிலைத்தான் அளக்கிறது. சிடி4 மிகக் குறைந்தவர்களில் முடிவு சொல்ல இயலவில்லை என்றே அது திரும்பி வருவது உண்டு. பிசிஜி போட்டாயிற்றே, பிறகு எப்படிக் காசநோய் வரும் என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் செங்கல்பட்டைச் சொல்வேன். 1968-இல் அங்கே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்துத் தொடங்கிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவாக வந்தது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பது அதன் பணி. அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதன்மேல் சுமையை ஏற்றுவதாகும்.

நான்கு கேள்விகள்

பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வதை, எதையும் பார்க்காமல் மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காசநோய் ஏற்கெனவே வெளிப்பட்ட ஒருவருக்கு ஐசோனியசிட்டை மட்டும் தனியே கொடுத்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிட்டதாக முடியும். டாக்டர்கள் பலர் தயங்குவதற்கு இதுவே முதல் காரணம், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆகவே இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்வை என்ற நான்கையும் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்க வேண்டும். ஒன்றாவது இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து நோயைத் தேட வேண்டும். நான்கும் இல்லாதவருக்கு வெளிப்பட்ட காசநோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்விகள் நான்குதான், கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இருமல் இருக்கிறதா என்று கேட்டால், நாற்பது ஆண்டுகளாகச் சிகரெட் பிடிக்கும் ஒருவர் இல்லை என்றுதான் சொல்வார். காலையில் வருவதை அவர் இருமல் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மற்றவர்களிடம் இரண்டு வாரம் நீடித்த இருமலைத்தான் தேடுவார்கள் என்றாலும், எச்ஐவி உள்ளவரிடம் நேற்றுத் தொடங்கிய இருமலும் கணக்கில் வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எடை குறைந்ததா என்று கேட்பதைவிட, கால்சட்டைக்கு வாரில் புதிதாகத் துளை போட்டீர்களா என்று கேட்பது பயன் தரும். இரவு வியர்வையோ பினாங்கில் தனிக் கதை. மழை இல்லாத மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே படுப்பவரிடம் இரவில் வியர்க்கிறதா என்று கேட்டால், உங்களுக்கு வியர்க்காதா என்று திருப்பிக் கேட்பார். காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டையைப் பிழியும் அளவுக்கு நனைந்து, எழுந்து மாற்ற வேண்டி வருகிறதா என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். இந்தக் கேள்வியை இப்படிக் கேட்ட ஒரு மருத்துவ உதவியாளரை நான் பார்த்திருக்கிறேன். பல ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துப் பெற்றதைவிட அவரிடம் நான் அதிகம் கற்றேன்.

மாத்திரையும் மெதடோனும்

மருந்துகளில் இப்போது நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். ஐசோனியசிட் 1952 முதல் இருக்கிறது, அதையே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ தினமும் சாப்பிடும் முறைதான் நெடுங்காலம் இருந்துவந்தது. தமிழ்நாட்டில் சௌம்யா சுவாமிநாதன் தலைமையில் எச்ஐவி உள்ளவர்களிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வு, ஐசோனியசிட்டை எதாம்பியூட்டால் என்ற இன்னொரு காசநோய் மருந்துடன் சேர்த்து ஆறு மாதம் கொடுப்பதையும், அதை மட்டும் மூன்று ஆண்டு கொடுப்பதையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியது. அதன் பிறகு ரிஃபாபென்டின் என்ற மருந்து வந்து கணக்கை மாற்றியது. ஐசோனியசிட்டோடு சேர்த்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம், அல்லது தினமும் ஒரே மாதம். 2019-இல் வெளிவந்த ஆய்வில் அந்த ஒரு மாத முறை, ஒன்பது மாத ஐசோனியசிட்டுக்குக் குறையாத பலனைக் கொடுத்தது, முடித்தவர்களும் அதிகம்.

அண்ணன் ஒரு மாத முறையைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, அதையே எழுதித் தரச் சொன்னார். டாக்டர் மறுத்தார். ரிஃபாபென்டினும் அதன் உறவான ரிஃபாம்பிசினும் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, மெதடோனை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். போதுமான மெதடோன் இல்லாமல் போனால் உடல்வலி, நடுக்கம், தூக்கமின்மை. அதைத் தாங்க முடியாமல் பழைய பழக்கத்துக்கே திரும்பியவர்கள் உண்டு. மெதடோன் அளவைக் கூட்டி, நெருக்கமாகக் கண்காணித்துச் சமாளிக்கலாம் என்றாலும், பல ஆண்டுகள் போராடி நிலைபெற்ற ஒருவரை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய டாக்டருக்கு மனமில்லை. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனாலும் இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. சிறையிலும் தடுப்பு மையங்களிலும் அடைபட்டு இந்தக் கிருமியை அதிகம் சுவாசித்தவர்கள் யாரோ, அவர்களுக்கே குறுகிய கால மருந்து எளிதில் பொருந்தாமல் போகிறது. எல்லாரையும்விடக் குறுகிய சிகிச்சை தேவைப்படுபவருக்கு எல்லாவற்றையும்விட நீண்ட சிகிச்சை வந்து வாய்க்கிறது.

ஆகவே ஐசோனியசிட் 300 மில்லிகிராம், கை கால் மதமதப்பு வராமல் இருக்க வைட்டமின் பி6, தினமும் வெறும் வயிற்றில், ஆறு மாதம். அண்ணனுக்குக் கல்லீரல் பற்றிய கவலையும் இருந்தது. ஊசி பழகியவர்களில் பலரைப் போல அவருக்கும் ஹெபடைடிஸ் சி இருந்தது. மலேசிய அரசு 2017-இல் அதற்கான சோபோஸ்புவிர் மருந்தை, காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே சட்டப்படி வரவழைக்க முடிவெடுத்ததன் பயனைப் பெற்று அதிலிருந்து குணமானவர் அவர். இருந்தாலும் கல்லீரலில் பழைய தழும்பு இருக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்தார்கள். சம்சு, பீர் எதுவும் கூடாது. குமட்டல் தொடர்ந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ சந்திப்பு நாள் வரை காத்திராமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். பத்தியத்தில் ஒன்று அவருக்கு மிகவும் கசந்தது: பழசான சூரை மீனைத் தொடக் கூடாது. அந்த மீன் கெடத் தொடங்கும்போது அதில் சேரும் ஹிஸ்டமினை உடல் முறிப்பதை ஐசோனியசிட் தடுத்துவிடுவதால் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். பாசாரில் மாலை விலை குறைந்த பிறகு சூரை வாங்கிக் குழம்பு வைப்பது அண்ணனின் வழக்கம். அந்த ஆறு மாதமும் அவர் என்னிடம் புலம்பியது காசநோயைப் பற்றியோ எச்ஐவியைப் பற்றியோ அல்ல, சூரைக் குழம்பைப் பற்றித்தான்.

மாத்திரையை அவர் முடித்ததற்குக் காரணம் மனவுறுதி என்று சொல்லிவிடலாம்; எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. தொடக்கத்தில் பல நாள்கள் விட்டுப்போயின. மெதடோனுக்காக அவர் எப்படியும் ஒரு கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். அங்கே குடிக்கும்போதே இதையும் விழுங்கிவிட்டால் என்ன என்று மிஸ்ஸிதான் கேட்டார். இது புதிய யோசனை அன்று. சான் பிரான்சிஸ்கோவில் இப்படி மெதடோனோடு சேர்த்துக் கண் முன்னால் ஐசோனியசிட் கொடுத்துப் பார்த்தபோது, மெதடோன் இல்லாமல் கொடுக்கப்பட்டவர்களைவிட மிகப் பலர் முழுவதும் முடித்தார்கள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். அண்ணனைத் தடுத்தது வேறொன்று. மெதடோன் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அங்கே காசநோய்த் தடுப்பு மாத்திரை ஏன் என்ற கேள்வி வந்தால் எச்ஐவி என்ற பதிலைத் தவிர என்ன சொல்வது? பல ஆண்டுகள் காத்துவந்த இரகசியத்தை ஒரு மாத்திரைக்காக விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

டாக்டர் அந்தக் கிளினிக்குக்கு எழுதிய கடிதத்தை அண்ணன் என்னிடம் காட்டினார். தடுப்பு மருந்து தருவதற்கான காரணம் என்ற இடத்தில், நீண்ட காலச் சிறைவாசம், அங்கே காசநோயாளி ஒருவருடன் ஒரே அறையில் இருந்தது என்று மட்டும் எழுதியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கும் அதே காரணம் பொருந்தும் என்பதால் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

ஒருவர் மட்டும் கேட்டார். அண்ணனோடு சிறையில் இருந்தவர், அவரும் எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர். வேறொரு கிளினிக்கில் அவருக்கும் தோல் பரிசோதனை செய்து, கை தடிக்காததால் மாத்திரை தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அவருடைய அடுத்த சந்திப்பு நாளுக்கு அண்ணனும் நானும் உடன் போகிறோம். எந்தெந்த ஆண்டு எங்கே அடைபட்டிருந்தார், உடன் இருந்தவர்களில் யார் யார் இருமினார்கள் என்பதை நினைவுக்கு வந்தவரை ஒரு தாளில் எழுதிவைக்கும்படி அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறார்.